தோள் மாற்றும் இடம்

ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் ‘பெரியண்ணன் – போடக் கூடாது’ என்று ஒரு ஃபைல் கிடப்பதைப் பார்த்துவிட்டு, போடக் கூடாது என்றால் ஏன் அழிக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குப் பிறகு ஸ்டூடியோவை நடத்துகிற நீங்கள் மூவரும் போன வாரம் கேட்டீர்கள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன். அந்த ஃபைலில் இருப்பது நான் செய்த ஒரு தவறு. அசிரத்தையால் வந்த தவறு இல்லை. ராப்பகலாக உட்கார்ந்து, ரொம்பவும் அக்கறையோடு செய்த தவறு.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒரு சுத்தக்காரர். சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் அவரிடம் ஆறு வருடம் இருந்தேன். பாடகர் எச்சில் விழுங்கும் ஓசை, நாற்காலியின் முனகல், தாளத்துக்குக் கொஞ்சம் முந்தி விழுந்த எழுத்து என்று எதுவும் அவர் காதிலிருந்து தப்பாது. “கேக்கிறவனுக்குப் பாட்டு மட்டும்தான் கேக்கணும். பாடினவன் பட்ட பாடு கேக்கக் கூடாது” என்பார். அவர் சொன்னதில் பிழை இல்லை. நாமக்கல்லுக்கு வந்து சொந்தமாக ஸ்டூடியோ போட்ட பிறகும் அந்தப் பாடத்தை வைத்துத்தான் பிழைத்தேன். அந்தம்மாவிடம் கொடுத்தால் கழுவித் துடைத்துத் தருவார் என்று எனக்கொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நான் ஓய்வுபெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு ‘மொட்டை வெயில்’ குழு என்னிடம் வந்தது. பங்க் இசைக்காரர்கள். நீங்கள் அதைக் கேட்டே வளர்ந்தவர்கள், எனக்கு அது புதிது. மூன்றே சுரக்கூட்டை வைத்து வாசிக்கும் கிடார்கள், மூச்சிரைக்க ஓடும் டிரம்ஸ், அதற்கு மேல் தொண்டை கிழியக் கத்தும் ஒரு பெண். அந்தப் பெண் கௌசல்யா. மலையடிவாரத்துக் காரவள்ளிக்காரி. அவள் அப்பாவுக்கு நிலமும் மரவள்ளிக்கிழங்கு ஏற்றுகிற லாரியும் உண்டு. மலையிலிருந்து மூட்டை ஏற்ற வரும் ஆட்கள் பாடின ஒரு பாட்டைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறாள். ரோடு இல்லாத ஊரிலிருந்து சீக்காளியைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வருகிற பாட்டு. யார் கட்டியது என்று அவளுக்குத் தெரியாது. நாட்டுப்பாட்டுதானே என்று தன் குழுவோடு அதற்கு மெட்டமைத்து வீடியோ போட்டுவிட்டாள். இரண்டாம் நாளே ஒரு லாரி டிரைவர் போன் செய்தாராம். “ஏனுங்க, அது பெரியண்ணன் பாட்டுங்க. ஆளு உசிரோட இருக்கறாரு. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டிருக்கலாமுங்க.”

கௌசல்யா நல்ல பெண். வீடியோவை அன்றைக்கே எடுத்துவிட்டாள். கேட்டு வரலாம் என்று கிளம்பியபோது என்னையும் கூப்பிட்டாள்.

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, மலை மேல் எடப்புளி நாடு என்கிற பகுதியில் ரோடு முடிகிற மைதானத்தில் வேனை நிறுத்தினோம். அதற்கு அப்பால் நடைதான். பெரியண்ணனுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மிளகும் மரவள்ளியும் போட்டிருந்தார். மெலிந்த ஆள், பேச்சு மட்டும் கனம். பிள்ளைகள் தங்கள் பாட்டைப் போனில் போட்டுக் காட்டினார்கள். அந்தக் கூச்சலைக் கடைசி வரை முகம் சுளிக்காமல் கேட்டார்.

“சத்தம் நல்லாத்தானுங்க இருக்குது. கோவமாத்தான் இருக்குது. ஆனா கடைசி அடி என்னுது இல்லீங்க.”

லாரி ஆட்கள் பாடிய கடைசி அடி, ரோடு போட்டுக் கொடுத்தால் உங்கள் பேரைச் சொல்லுவோம் சாமி என்று முடியும். எங்கேயோ எவரோ பயந்து மாற்றியிருக்கிறார்கள். பெரியண்ணன் தான் கட்டியதை முழுசாகச் சொன்னார்.

கட்டில் காலு நாலு சாமி, தூக்கும் தோளு எட்டு சாமி
காயிதத்தில் போட்ட ரோடு கண்ணில் இன்னும் தெரியல சாமி
ஓட்டுக் கேக்க வந்த காலு மறுக்கா ஏறி வரல சாமி
ஒருநா எங்க தோளில ஏறு, ஊரு தூரம் புரியும் சாமி

கௌசல்யா கடைசி அடியைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டாள். “அய்யா, இதை நீங்களே எங்ககூடப் பாடுங்க” என்றாள். அவர் சிரித்தார். “கூப்பிட்டா வாரேன் கண்ணு.”

வந்தார். நாமக்கல்லில் நம் பெரிய அறையில் நிற்கவைத்து, ஹெட்போனை மாட்டி, காதில் தாளம் எண்ணும் கிளிக் ஓசையை ஓடவிட்டேன். அவர் அதோடு ஒட்டவே இல்லை. ஒவ்வொரு அடியிலும் ‘சாமி’ என்ற சொல்லுக்கு முன்னால் நின்றுவிடுவார். ஒருமுறை கொஞ்சம் நிற்பார், இன்னொரு முறை நெடுநேரம் நிற்பார். டிரம்ஸ் வாசிக்கும் பிரபு தலையில் கை வைத்துக்கொண்டான். வயதானவர், மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன். எதையும் கேட்காமல், “பரவாயில்லீங்க, உங்க விருப்பம்போலப் பாடுங்க, நான் சரி பண்ணிக்கிறேன்” என்றேன். இதைக் கவனியுங்கள். என் தவறு அந்த வார்த்தையில் ஆரம்பித்தது.

ஒன்பது நாள் உட்கார்ந்தேன். நின்ற இடத்தையெல்லாம் வெட்டி எடுத்தேன். ‘எட்டு’க்கும் ‘சாமி’க்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தைத் தைத்தேன். ஒவ்வொரு எழுத்தையும் தாளத்தின் மேல் கொண்டுபோய் உட்காரவைத்தேன். ஒட்டுப்போட்ட இடம் எனக்கே தெரியவில்லை. குழுவினர் கேட்டுவிட்டுக் குதித்தார்கள். பெரியண்ணனை வரவழைத்துப் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் என்னைப் பார்த்தார்.

“நல்லாப் பாடியிருக்கறாருங்க. யாருங்க இது?”

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

“நீங்கதானுங்க.”

“இல்லீங்க அம்மிணி. நானா இருந்தா தோளு மாத்தியிருப்பனே.”

பிறகுதான் சொன்னார். சீக்காளியைக் கட்டிலோடு ஒரே மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டு, முன்னால் இரண்டு பேரும் பின்னால் இரண்டு பேருமாகத் தூக்குவார்கள். நாலு பேர், எட்டுத் தோள். வலது தோள் நொந்தால் மூங்கிலைத் தலைக்கு மேல் தூக்கி இடது தோளுக்கு மாற்ற வேண்டும். நாலு பேரும் ஒரே நேரத்தில் மாற்றாவிட்டால் கட்டில் சாயும், கிடக்கிறவர் விழுந்துவிடுவார். அதற்காகக் கட்டின பாட்டு அது. ‘எட்டு’ என்றதும் மூங்கில் மேலே போகும். அடுத்த தோளில் வந்து உட்காரும்போது ‘சாமி’. நடுவில் எவ்வளவு நேரம் என்பது பாதையைப் பொறுத்தது. பாறையில் கால் வைத்திருந்தால் சீக்கிரம், சேற்றில் நின்றால் தாமதம்.

“நீங்க கட்டிலைக் கீழ போட்டுட்டீங்க அம்மிணி” என்றார். குரலில் கோபமே இல்லை.

எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, எரிச்சல். ஒன்பது நாள் உழைப்பு. கேட்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியவா போகிறது என்று வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரத்தில் பேசாமல் இருந்தேனே, அது என் புத்தி இல்லை, என் அதிர்ஷ்டம். ஏனென்றால் கௌசல்யா முந்திக்கொண்டாள்.

“அக்கா, நிறுத்தி அடிக்கிறதுதான் எங்க வேலையே. சத்தம் அறுந்து நிக்கணும், அப்புறம் மொத்தமா விழணும். அவரு எங்களைவிட நல்லாப் பண்றாரு. நாமதான் அதை வெட்டிட்டோம்.”

நாமதான் என்று சொன்னாள். அந்தப் பெரிய மனசை நான் மறக்கவில்லை. ஃபைலுக்கு அன்று அந்தப் பெயரை வைத்தேன். அழிக்கவில்லை. எப்போதாவது யாராவது என் வேலையை மிகவும் புகழ்ந்தால் அதைப் போட்டுக் கேட்பேன்.

ஆனால் பிரபுவுக்கு அந்த இடைவெளி பிடிபடவில்லை. “எத்தனை எண்ணணுங்க அய்யா?” என்று கேட்டால், “எண்ணறதுக்கு அதுல என்ன இருக்குது, கண்ணு” என்பார் அவர். கடைசியில் கௌசல்யா ஒரு யோசனை சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேனோடு மறுபடி மலையேறினோம். இருக்கிற பெட்டிகளிலேயே கனமான பேஸ் ஆம்ப்ளிஃபயரைக் கட்டிலில் வைத்துக் கட்டி, குழுவின் நாலு பேரும் மூங்கிலுக்கு அடியில் தோள் கொடுத்தார்கள். பெரியண்ணன் முன்னால் பாடிக்கொண்டு நடந்தார். நான் சின்ன ரிக்கார்டரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். முதல் மேட்டிலேயே தவறான நேரத்தில் தோள் மாற்றி, ஆம்ப்ளிஃபயர் மரவள்ளிக் காட்டுக்குள் சாய்ந்தது. களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரிப்பதற்காகவே வேலையை நிறுத்திவிட்டார்கள். “ஏனுங்க, அந்தச் சீக்காளிக்கு என்ன சீக்குங்க?” என்று ஒரு அம்மா கேட்டார். “தொண்டைக்கட்டுங்க” என்றான் பிரபு. ஊர் போய்ச் சேரும்போது அவன் இரண்டு தோளிலும் தோல் உரிந்திருந்தது. அன்று சாயங்காலமே ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வைத்து, பெரியண்ணனின் காலைப் பார்த்தே அடித்தான். ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

மிளகு பறிப்பு முடிகிற சமயத்தில் விவசாயிகள் சங்கம் ஒரு கூட்டம் வைத்தது, அதே ரோடு முடிகிற மைதானத்தில். அரியூர் நாட்டிலிருந்தெல்லாம் ஜீப்பில் வந்திருந்தார்கள். மாவட்ட நிர்வாகத்தில் உயர்ந்த பொறுப்பில் இருந்த ஒரு அம்மையார் சிறப்பு விருந்தினர். ரோட்டுக்கு மனு கொடுத்துக் கொடுத்து, ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டி, அந்த ஊர்க்காரர்கள் சலித்துப்போயிருந்தார்கள். அதிகாரியே மேடைக்கு முன்னால் உட்காரப்போகிறார், பெரியண்ணன் நம் குழுவோடு சேர்ந்து அந்தப் பாட்டைப் பாடப்போகிறார் என்பதே எல்லோருக்கும் பேச்சு. அதிகாரி அங்கே இருக்கப்போவது அரைமணி நேரம்தான்.

அதிகாரி வந்துவிட்டார். பெரியண்ணன் வரவில்லை.

அவர் ஊரில் பாறை மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். கூப்பிட்டுப் பார்த்தோம், போகவில்லை. சங்கத் தலைவர் துரைசாமி, நான் ஒலி மிக்ஸரோடு உட்கார்ந்திருந்த பந்தலுக்கு வந்தார். நல்ல மனிதர், ஆனால் அன்று வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க அம்மிணி, கம்ப்யூட்டர்ல அவரு குரல் இருக்குதுல்லங்க. அதைப் போட்டு விடுங்க. பொண்ணு கூடப் பாடட்டும். மேடம் எந்திரிச்சுப் போயிட்டா இன்னும் எத்தனை வருசமோ.”

இருந்தது. அந்தச் சுத்தமான ஃபைல் என் லேப்டாப்பில் இருந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். குறை சொல்லவும் ஆளில்லை. மேடையிலிருந்து கௌசல்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் அந்தக் கட்டிலைத் தூக்கியவர்கள். தோள் மாற்றாத பாட்டை அவர்கள் முன்னால் போட என்னால் முடியவில்லை.

“இல்லீங்க. பிள்ளைங்க வேற பாட்டு பாடட்டும். அவரு வந்துருவாரு” என்றேன். வருவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது.

குழு தங்கள் பாட்டுகளைப் பாட ஆரம்பித்தது. ஊர்க்காரர்கள் பாதிப் பேர் காதைப் பொத்தினார்கள், பாதிப் பேர் ரசித்தார்கள். அதிகாரி இரண்டு முறை மணி பார்த்தார். மூன்றாவது பாட்டு முடிந்து, கிடார் கம்பியைச் சுருதி சேர்க்கிற சின்ன அமைதி. ஹெட்போன் என் காதில் இருந்தது. டிரம்ஸுக்கு மேலே தொங்கவிட்டிருந்த இரண்டு மைக்கும் கூட்டத்துக்குப் பின்னால் இருந்த சரிவைப் பார்த்தபடி இருந்தன. அவற்றின் வழியாக, எங்கோ தொலைவில், ஒரு குரல்.

‘எட்டு…’ பிறகு ஒன்றுமில்லை. பிறகு, ‘சாமி.’

அந்த இடைவெளியை ஒன்பது நாள் கத்தரித்தவள் நான். எனக்குத் தெரியாமல் இருக்குமா? பெரியண்ணன் வந்துகொண்டிருக்கிறார். வெறுமனே வரவில்லை, யாரையோ தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

எனக்கு மட்டும்தான் அது கேட்டது. பிரபு அடுத்த பாட்டுக்குக் குச்சியை ஓங்கிவிட்டான். ஒரு நொடி யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். இரண்டு கையாலும், ஒலியை ஏற்றி இறக்குகிற எல்லா ஃபேடரையும் கீழே இழுத்தேன். எழுந்து நின்று, வாசிக்க வேண்டாம் என்று மேடையைப் பார்த்துக் கையை உயர்த்தினேன். மைதானம் அப்படியே அடங்கிவிட்டது. துரைசாமி ஓடி வந்தார்.

“கரண்டு போயிருச்சுங்களா?”

“இல்லீங்க. நான்தான் நிறுத்தினேன்.”

“மேடம் உக்காந்திருக்கறாங்க அம்மிணி.”

“ரெண்டு நிமிசம் குடுங்க. பின்னால சரிவுல என்ன கேக்குதுன்னு பாருங்க.”

அந்த இரண்டு நிமிடம் மாதிரி நீளமான நேரத்தை நான் தொழிலில் கண்டதில்லை. காற்று திசை மாறியிருந்தால் ஒன்றும் கேட்டிருக்காது. கூட்டத்தைக் கெடுத்தவள் என்ற பெயரோடு நான் மலை இறங்கியிருப்பேன். அதிகாரி பையைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது கடைசி வரிசையில் இருந்த பெண்கள் திரும்பினார்கள். அவர்களைப் பார்த்து அடுத்த வரிசை திரும்பியது. குரல் இப்போது எல்லோருக்கும் கேட்டது, மைக் இல்லாமல், ஒலிபெருக்கி இல்லாமல், சரிவில் இறங்கி வந்தது.

சேகர் என்று ஒருவர். சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்கும்போது ஏணி சரிந்து விழுந்து தொடை எலும்பு முறிந்திருந்தது. ஊர் ஆள் யாரோ பாறை மேலேறி ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறார். மைதான ஓரத்தில் கொஞ்ச நேரமாகவே ஒரு ஆம்புலன்ஸ் நின்றது. அதிகாரிக்காக வந்தது என்று நான் நினைத்திருந்தேன். நாலு பேர் மூங்கிலைத் தாங்கி வர, முன்னால் பெரியண்ணன் பாடிக்கொண்டு வந்தார். பாட்டை நிறுத்தினால் அடி தப்பும், அடி தப்பினால் கட்டில் குலுங்கும். அதனால் இவ்வளவு கூட்டத்தைப் பார்த்தும் அவர் நிறுத்தவில்லை.

நாற்காலிகளை ஒதுக்கி வழிவிட்டார்கள். மேடையில் பிரபு யாரையும் கேட்கவில்லை. காலால் பெரிய டிரம்மை மெதுவாக, அவர்கள் நடைக்கு நடை தட்ட ஆரம்பித்தான். ‘எட்டு’ என்றதும் நிறுத்தினான். மூங்கில் தலைக்கு மேலே போயிற்று. ‘சாமி’ என்றதும் தட்டினான். அப்போது கூட்டத்தில் இருந்த ஆண்கள் பலரும் தங்களை அறியாமலே ஒரு தோளை இறக்கி மறு தோளை ஏற்றியதைப் பார்த்தேன்.

அதிகாரி எழுந்து கட்டில் அருகே போயிருந்தார். வண்டியில் ஏற்றும்போது சேகர் வலியில் முகம் கோணியபடியே சொன்னார். “பாட்டுக் கூட்டத்தைக் கெடுத்துட்டனுங்களா?”

“நீதான் சாமி ஆரம்பிச்சு வெச்ச” என்றார் பெரியண்ணன்.

வண்டி கிளம்பியதும் அவர் நேராக மேடை ஏறினார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. மைக்கைப் பிடித்தார். “பாட்டு பாதியில நிக்குதுங்க. முடிச்சுப்போட்டு உக்கார்றேன்.”

நான் ஃபேடரை ஏற்றினேன். அவர் குரல், அதன் மேல் கௌசல்யாவின் குரல், இரண்டு கிடாரும் இடியும் மழையுமாக. ‘எட்டு’ என்றதும் எல்லாம் அறுந்து நிற்கும். அத்தனை கூச்சலுக்கு நடுவில் திடீரென்று வெறும் மலைக்காற்று. மறுபடி ‘சாமி’ என்று மொத்தமும் வந்து விழும். காதைப் பொத்தியவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். ‘ஒருநா எங்க தோளில ஏறு’ என்ற அடி வந்தபோது பாடியது மேடை மட்டும் இல்லை. அந்த அடியை யாரும் மறந்திருக்கவில்லை. இத்தனை வருடம் வெளியில் பாடத்தான் தயங்கியிருக்கிறார்கள்.

முடிந்ததும் அதிகாரி கேட்டது ஒரே கேள்வி. “உங்க ஊர் இங்கிருந்து எவ்வளவு தூரங்க?”

“அளந்தது இல்லீங்க. பாட்டு பதினொரு தடவை பாடற தூரமுங்க.”

அந்த அம்மையார் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் அந்தப் பாதையில் தானே நடந்தார். பெரியண்ணன் கூடவே பாடிக்கொண்டு போனாராம், பதினொன்று சரியாக இருந்ததாம். உடனே ரோடு வந்துவிடவில்லை. அலுவலகங்கள் மறுபடி ஒன்றையொன்று கைகாட்டின. ஆனால் இந்த முறை கைகாட்டிய ஒவ்வொரு இடத்துக்கும் அந்தப் பாட்டு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அன்று மைதானத்தில் நான் பதிவு செய்ததை, காற்றும் இருமலும் நாற்காலிச் சத்தமும் அப்படியே இருக்க, ஒரு வெட்டும் இல்லாமல் குழு வெளியிட்டது. ஒரு வருடம் கழித்துச் சேகர் தன் சொந்தக் காலில் நின்று, ஊருக்குள் வந்த ரோடு ரோலருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்.

நான் சுத்தம் பார்ப்பதை விட்டுவிடவில்லை. நீங்களும் விட வேண்டாம், நம்மிடம் வருகிறவர்கள் அதற்காகத்தான் வருகிறார்கள். ஆனால் ஒருவர் நிற்கிற இடத்தை வெட்டுவதற்கு முன்னால் ஏன் நின்றார் என்று கேளுங்கள். கேட்க ஒரு நிமிடம்தான் ஆகும். எனக்கு ஒன்பது நாள் ஆனது.

நேற்றுப் பெரியண்ணன் போன் செய்தார். புதிதாக ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறாராம். ரோடு வந்துவிட்டது, ரோட்டில் போனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை என்று. கௌசல்யாவுக்கு ஏற்கெனவே பாடிக் காட்டிவிட்டார், பிள்ளைகள் மெட்டுக்கு அடித்துக்கொள்கிறார்களாம். திங்கட்கிழமை பதிவு. மிக்ஸரில் உட்காரப்போவது நீங்கள் மூவரும். நான் வந்தால் வெளி அறையில் டீ குடித்துக்கொண்டிருப்பேன், உள்ளே கூப்பிடாதீர்கள்.

மலையிலிருந்து எப்படி வருவீங்க, வேன் அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

“எதுக்குங்க அம்மிணி வேனு? காலைல பஸ்ஸு எங்க ஊட்டு முன்னாலதான் திரும்புது. டிரைவரு ஹாரன் அடிச்சாத்தான் நான் சட்டையே போடுவேன்.”